சுபேதார் சவரிமுத்துவின் இரகசியக் கோப்பு

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. பதினோரு வீடு, ஒரு குழாய். சந்தின் கடைசியில் இருந்த ஓட்டு வீட்டில் மிஸ் பிரிஜெட், தன் அண்ணன் சுபேதார் சவரிமுத்துவோடு குடியிருந்தாள். பிரிஜெட்டுக்கு நாற்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பான ஆள், அதிகம் வெளியே வரமாட்டார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஒருத்தர் வம்புக்கும் போகமாட்டார். இப்பேர்ப்பட்ட உத்தமரிடம் குறை என்று ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால், அவர் பிறக்கவே இல்லை என்பதுதான்.

அவரை யாரும் திட்டம் போட்டு உண்டாக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா செத்துப்போய்த் தனியான புதிதில், பிரிஜெட் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி பழைய பட்டாளத்து பூட்ஸ் வாங்கிவந்து வாசலில் வைத்தாள். வாரம் ஒரு தரம் ஒரு காக்கிச் சட்டையை நனைத்துக் கொடியில் போட்டாள். வாசலில் வேண்டாத ஆம்பளைக் குரல் கேட்டால், உள்ளே போய் அடிவயிற்றிலிருந்து இரண்டு தரம் இருமினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மிச்சத்தை எல்லாம் சந்து பார்த்துக்கொண்டது. அவர் அண்ணன்தான் என்று முடிவு கட்டியது பக்கத்து வீட்டு அல்போன்சா. மிலிட்டரிதான் என்றது எதிர்வீட்டு மௌரீன். சுபேதார் பதவி கொடுத்தது யார், சவரிமுத்து என்று பேர் வைத்தது யார் என்பது இன்றுவரை தெரியாது. பிரிஜெட் இல்லை என்று மறுக்கவில்லை. தனியாக இருக்கிற பொம்பளைக்குப் பேர் வைக்கிற ஊர், அண்ணனுக்குப் பேர் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், அவள் கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தபோது ஒருத்தன் ஓட்டைப் பிரித்து வீட்டுக்குள் இறங்கினான். ரேடியோ போயிற்று, அம்மாவின் வெள்ளி ஜெபமாலை போயிற்று. அதுகூடப் பெரிசில்லை. அடுப்படியில் ஒரு பீடித் துண்டு கிடந்தது. வந்தவன் ஆற அமர உட்கார்ந்து ஒரு பீடியைக் குடித்து முடித்துவிட்டுப் போயிருக்கிறான். சுபேதார் இருக்கிற வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்து பீடி குடிக்கிறான் என்றால், சுபேதார் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று என்று அர்த்தம். 

சந்துக்காரர்கள் கேட்டதற்கு, அண்ணன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார் என்று சொன்னாள். அவர் மட்டும் இருந்திருந்தால் அந்தத் திருடன் கதி என்ன ஆகியிருக்கும் என்று சந்து முழுக்கத் திருடனுக்காகப் பரிதாபப்பட்டது. பிரிஜெட் மறுவாரமே துப்பாக்கி வாங்கக் கிளம்பினாள்.

துப்பாக்கிக் கடைக்காரர் அப்பாதுரை, முறையாக லைசென்ஸ் பெற்ற வியாபாரி. கண்டோன்மெண்டில் அவர் கடைக்கு நாணயமான கடை என்று பேர். வந்தவளை உட்காரவைத்து, ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக் காட்டி, பிறகு மேஜைமேல் ஒரு பெரிய ரெஜிஸ்டரையும் ஒரு நீளமான விண்ணப்பப் பாரத்தையும் விரித்தார்.

"லைசென்ஸ் வந்தாத்தான் மேடம் துப்பாக்கி உங்க கையில வரும். புதுச் சட்டம் வந்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் ரெகார்டு. பயப்படாதீங்க, எழுதினது எல்லாம் ரகசியம்."

"நிச்சயமா ரகசியமா இருக்குமாங்க? நான் துப்பாக்கி வாங்குறது யாருக்கும் தெரியக்கூடாது."

அப்பாதுரைக்கு லேசாக மனசு வருத்தம். "முப்பது வருஷமா இந்த வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வெளியே போனதில்லை மேடம். மில் ஓனர் ஒருத்தர், பேர் சொல்லமாட்டேன், ரிச்மண்ட் டவுன்ல பச்சை கேட்டு வீடு. மச்சானுக்குப் பயந்து என்கிட்டதான் வாங்கினார். யார்கிட்டயாச்சும் சொல்லியிருப்பேனா?"

"இல்லீங்க."

"பல் டாக்டர் ஒருத்தர், அந்த சினிமாக் கொட்டாய்க்கு எதிர்ல இருக்கார். துப்பாக்கி கட்டிலுக்கு அடியில, தோட்டா அரிசி டப்பாவுல. அது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியுங்களே."

"நீங்க யார்கிட்ட சொல்லப்போறீங்க?" என்றார் அப்பாதுரை.

பாரத்தில் இருபத்திரண்டு கலங்கள். பேர், வயது, மதம் எல்லாம் சுலபமாகத் தாண்டிப் போயிற்று. பதினோராவது கலம், ஆயுதம் வைக்கப்படும் இடம். பன்னிரண்டாவது, அந்த இடத்தின் சாவி வைக்கப்படும் இடம். பதின்மூன்றாவது, மனுதாரர் வீட்டில் இல்லாத நாட்களும் நேரங்களும். பதினான்காவது, வீட்டில் வசிக்கும் வயது வந்த ஆண்கள்.

பிரிஜெட் பேனாவைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் திருடனுக்குத்தானேங்க வேணும்?"

"திருடன் எப்படிப் பார்ப்பான்? மேல சீல் போட்டிருக்குது பாருங்க, இரகசியம்னு."

"பதினாலாவதுல மாத்தி எழுதினா?"

"பொய் எழுதினா ஜெயில் மேடம். கடைசிக் கலத்துல பெரிய எழுத்துல போட்டிருக்குது."

இருபத்தைந்து வருஷ நர்ஸ் உத்தியோகத்தில், நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தை நூற்றொன்று என்று ஒரு நாளும் எழுதாத கை அது. சந்துக்காரர்களிடம் வாயால் சொல்வது வேறு. சர்க்கார் காகிதத்தில் எழுதுவது வேறு. பிரிஜெட் மாதாவை நினைத்துக்கொண்டு பதினான்காவது கலத்தில் 'எவருமில்லை' என்று எழுதினாள்.

அப்பாதுரை பாரத்தை வாங்கிச் சரிபார்த்தார். அவருக்கு வாய்விட்டுப் படித்தால்தான் தப்பு கண்ணில் படும். "புதன்கிழமை அஞ்சு மணியிலேர்ந்து ஏழு மணிவரை வீட்டில் இல்லை... சாவி, மாதா படத்துக்குப் பின்னால்... வயது வந்த ஆண்கள் எவருமில்லை... சரியா இருக்குது." கடையில் தோட்டா வாங்க வந்திருந்த மூன்று பேரும் சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தார்கள். அதற்குப் பிறகு அப்பாதுரை ஒரு அட்டையில் 'மிஸ் பிரிஜெட், கடைசி வீடு' என்று தொடங்கிச் சந்தின் பேர்வரைக்கும் எழுதி, துப்பாக்கியில் கட்டி, வாசலுக்கு நேரே இருந்த கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டார். மறந்துபோய் வேறு யாருக்காவது விற்றுவிடக் கூடாதாம்.

மனு சர்க்கார் கச்சேரிக்குப் போயிற்று. அந்தக் கச்சேரியில் சாதாரணக் காகிதத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். மூன்று வருஷம் மேஜையில் கிடந்தாலும் அதன்மேல் டீ கிளாஸ் வைப்பதோடு சரி. ஆனால் இரகசியம் என்று சிவப்புப் பட்டை ஒட்டிய கோப்பு வந்தால், பாவம், அவர்களும் மனிதர்கள்தானே. ஒன்பது மேஜை தாண்டி மேலதிகாரியிடம் போய்ச் சேர்வதற்குள் பிரிஜெட்டின் சாவி இருக்கும் இடம் ஒன்பது மேஜைக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

மேலதிகாரி சுந்தரேசன் மல்லேஸ்வரத்துக்காரர். தாத்தா காலத்திலிருந்து சமஸ்தான உத்தியோகம். ரெகார்டு என்றால் அவருக்குத் தனி பக்தி. கோப்பை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, 'எவருமில்லை என்பது உண்மையா என இரகசியமாக விசாரிக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தேதிக்குக் கீழே இன்னொரு கையெழுத்தும் போட்டார்.

விசாரிக்க வந்தவர் அந்தப் பக்கம் ரோந்து சுற்றும் பீட் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா. இரகசிய விசாரணை என்பதால் யூனிபாரத்தில் வந்தார். காலை எட்டு மணி, குழாயடியில் எட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் சொல்ப, கொஞ்சம் இங்க கேளுங்கம்மா," என்றார் கிருஷ்ணப்பா கன்னடம் கலந்த தமிழில். "இது ரகசியம். யாரும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கடைசி வீட்டு நர்ஸம்மா தனியா இருக்கிறதா எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்டுல ஆம்பளை இருக்காரா, இல்லையா?"

குழாயடி கொதித்துப்போயிற்று. அல்போன்சா சொன்னாள், "தினமும் இருமுறார் ஐயா. பக்கத்துச் சுவர் எங்களது, எனக்குத் தெரியாதா?" மௌரீன் சொன்னாள், "ஒரு நாள் எனக்கு குட்மார்னிங் சொன்னார். பெர்ஃபெக்ட் ஜென்டில்மேன்." மூன்றாவது வீட்டுச் சந்திரம்மா, "குடிச்சிட்டு வந்த என் வீட்டுக்காரரை ஒரே ஒரு அதட்டுப் போட்டார். அன்னையிலேர்ந்து மனுஷன் சத்தமில்லாமத்தான் வர்றார்," என்று அடித்துச் சொன்னாள்.

கிருஷ்ணப்பாவுக்கு இந்தச் சாட்சியம் எல்லாம் தேவையே இல்லை. அவர் பீட் நோட்டில் ஆறு வருஷமாக, மாதம் தவறாமல், 'கடைசி வீட்டில் சுபேதாரைச் சந்தித்தேன். நலம்' என்று எழுதியிருந்தது. சந்தின் தொடக்கத்தில் டீக்கடை. கடைசி வீடு கொஞ்சம் தூரம். டீக்கடையில் உட்கார்ந்தபடியே எழுபத்திரண்டு தரம் சுபேதாரைச் சந்தித்திருந்தார். இப்போது அப்படி ஒருத்தர் இல்லை என்று எழுதினால், எழுபத்திரண்டு தரம் யாரோடு பேசினாய் என்று கேட்பார்களே. 'சுபேதார் சவரிமுத்து மேற்படி வீட்டில் வசிப்பது உறுதி' என்று அறிக்கை போயிற்று.

பிரிஜெட்டுக்குக் கச்சேரியிலிருந்து ஆள் வந்தது.

"உக்காருங்கோ," என்றார் சுந்தரேசன். "நீங்க எவருமில்லைன்னு எழுதியிருக்கேள். ரெகார்டுல ஒருத்தர் இருக்கார்."

"அப்படி யாரும் இல்லீங்க சார்."

"எட்டு சாட்சி, எழுபத்திரண்டு பீட் என்ட்ரி. உங்க பக்கம் என்ன இருக்கு?"

"நான் இருக்கேன் சார். அந்த வீட்டுல இருக்கிறவ நான்தானே."

"நீங்க இருக்கேள்ங்கிறதை யாரும் மறுக்கலையே. அவர் இல்லைங்கிறதுக்கு ரெகார்டு எங்கே?"

வேறு வழியில்லாமல் பிரிஜெட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். பூட்ஸ், காக்கிச் சட்டை, இருமல், எல்லாம். சுந்தரேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எங்கே, ஒரு தரம் இருமுங்கோ," என்றார். பிரிஜெட் இருமினாள். வெளியே ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்த பியூன் எழுந்து விறைப்பாக நின்றான்.

"நன்னாத்தான் இருமறேள்," என்றார் சுந்தரேசன் மரியாதையோடு. "ஆனா இதை ஃபைல்ல எப்படி வைக்கிறது?"

"அப்போ எனக்கு லைசென்ஸ் கிடைக்காதுங்களா?"

"அவசரப்படாதீங்கோ. அவர் இருக்கார்னு வெச்சுக்குவோம். மிலிட்டரி ஆம்பளை இருக்கிற ஆத்துல உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு? தேவையில்லை. சரி, அவர் இல்லைன்னு வெச்சுக்குவோம். தனியா இருக்கிற பொம்மனாட்டி கையில துப்பாக்கி சேஃப்பே இல்லை. எவனாவது வந்து பிடுங்கிண்டு போயிடுவான்."

"எவனாவது வரக்கூடாதுன்னுதானே சார் துப்பாக்கி கேக்குறேன்."

"அதெல்லாம் பின்னாடி வர கேள்வி. முதல்ல அவர் இருக்காரா இல்லையான்னு தீர்மானம் ஆகணும்."

பிரிஜெட் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒண்ணு கேக்கலாமா சார்? இதெல்லாம் ரகசியம்னு சொன்னாங்க. வர்ற வழியில உங்க ஆளுங்க, மாதா படத்துக்குப் பின்னால சாவி வைக்கிற நர்ஸம்மா நீங்கதானான்னு கேக்குறாங்க."

சுந்தரேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஃபைலை எவனாவது வெளியில எடுத்துண்டு போய்க் காட்டினானா?"

"இல்லீங்க."

"அப்போ ரகசியம் பத்திரமா இருக்கு. ரகசியம்ங்கிறது ஃபைலுக்குத்தான் அம்மா. விஷயத்துக்கு இல்லை."

ஒருவர் இல்லை என்று தீர்மானிப்பதற்கும் விதியில் இடம் இருந்தது. அதன்படி நாளது தேதியில் ஒரு 'இல்லாமை அறிவிப்பு' அச்சாகி, கச்சேரிப் பலகையிலும், போலீஸ் ஸ்டேஷனிலும், அப்பாதுரை கடைக் கதவிலும், சந்துக் குழாயடிச் சுவரிலும் ஒட்டப்பட்டது. இங்கிலீஷிலும் கன்னடத்திலும் இருந்ததை மௌரீன்தான் தமிழில் படித்துச் சொன்னாள். 'சவரிமுத்து என்பவர் இருப்பதாக அறிந்தவர்கள் இருபத்தொரு நாளைக்குள் அதிகாரி சமுகத்தில் ஆஜராகி ஆட்சேபணை தெரிவிக்கவேண்டியது. தவறினால் மேற்படியார் இல்லையென்றும், மிஸ் பிரிஜெட் மேற்படி வீட்டில் தன்னந்தனியாக வசிக்கிறாரென்றும் முடிவு செய்யப்படும்.' ஆட்சேபணைக்காரர்களின் வசதியை உத்தேசித்து, பதினோராவது கலத்திலிருந்து பதினான்காவது கலம்வரை கீழே முழுசாகக் கொடுத்திருந்தார்கள்.

பிரிஜெட் ட்யூட்டி முடிந்து வந்தபோது, சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒருத்தன் அந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். சந்துக்காரன் இல்லை. படித்து முடித்துக் கடைசி வீட்டை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். பிரிஜெட் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை அழுகையாக வந்தது. எழுதிக் கொடுத்த கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது.

கதவைத் தட்டியது அல்போன்சா. பின்னால் மௌரீனும் சந்திரம்மாவும் நின்றார்கள். அல்போன்சாவின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"நெஜமாவே அண்ணன் இல்லையா?"

"இல்ல அல்போன்சா. ஆறு வருஷமா பொய்தான் சொன்னேன். மன்னிச்சிடு."

"பொய் சொன்னதுக்கு யாரு கோவிச்சா? உண்மையைப் போய் கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்கியே, அதைக் கேக்க வந்தேன். என் வீட்டுக்காரர் ஆறு நாள் கோலார்ல சுரங்கத்துக்குள்ள கிடக்கிறார். ஞாயித்துக்கிழமை வந்து சோத்தைத் தின்னுட்டுப் போறார். மத்த நாளெல்லாம் பக்கத்துல ஒரு ஆம்பளை இருக்குதுங்கிற தைரியத்துலதான் நான் பொழுதைக் கழிச்சேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டா எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நீ இப்படிப் பண்ணலாமா?"

மௌரீன் விதவை, பிள்ளை பம்பாயில். சந்திரம்மாவின் புருஷன் இருந்தும் இல்லாத ரகம். அன்றைக்குக் கணக்குப் பார்த்ததில், சந்தில் மற்ற பத்து வீட்டிலும் பகலில் ஆம்பளை என்று பேருக்குக்கூட ஒருத்தரும் இல்லை. சந்து முழுக்க ஆறு வருஷமாக சுபேதாரை நம்பித்தான் இருந்திருக்கிறது. அந்த மனிதருக்கு ஒன்றென்றால் விட்டுவிட முடியுமா? மறுநாள் பத்துப் பெண்களும் ஆட்சேபணை கொடுக்கக் கச்சேரிக்குப் போனார்கள்.

சுந்தரேசன் அவர்களை அன்போடு வரவேற்று விதியைப் படித்துக் காட்டினார். "விசாரணைக்குப் பொம்மனாட்டி சாட்சி போதும். ஆட்சேபணைக்குப் போறாது. வீட்டிலே இருக்கிற வயசு வந்த புருஷா கையெழுத்துப் போடணும். சுபேதாரை எப்படித் தெரியும்னும் எழுதணும்."

"புருஷன் ஊர்ல இல்லீங்க ஐயா."

"பகல்ல வீட்டிலே இருக்கிறவாதானே அவரைப் பார்த்திருக்க முடியும்? அவாதான் போடணும்."

விதி தெளிவாக இருந்தது. பகலில் வீட்டில் இருக்கிற, சுபேதாரைத் தெரிந்த ஆம்பளை. ஒரு சுபேதாரை யாருக்குத் தெரியும்? அவரோடு பட்டாளத்தில் இருந்தவனுக்குத் தெரியும். இரண்டு நாளில் பத்து ஆட்சேபணை மனுக்கள் தயாராயின. அல்போன்சா வீட்டில் பட்டாளத்து நாயக் ஒருவர், சூசை என்று, வந்து சேர்ந்தார். மௌரீன் ஒரு ஹவில்தாரைக் குடிவைத்தாள். சந்திரம்மா, இருக்கிற புருஷனை நம்பாமல், லான்ஸ் நாயக் ஒருவரை வரவழைத்துக்கொண்டாள். எல்லாருமே சுபேதார் சவரிமுத்துவின் கீழ் பர்மா சண்டையில் இருந்தவர்கள். எல்லாருமே இடது கையால் கையெழுத்துப் போடுகிறவர்கள். பிரிஜெட் மனசாட்சிக்குப் பயந்தவள். எந்த மனுவையும் அவள் தொடவில்லை. பேனாவுக்கு மை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

சுந்தரேசன் பத்து மனுவையும் அடுக்கி வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வியர்த்தது. பதினோரு வீட்டில் பதினோரு முன்னாள் சிப்பாய்கள். எல்லாரும் ஒரே படைப்பிரிவு. ஒருத்தரும் வேலைக்குப் போவதில்லை, கடைக்குப் போவதில்லை, குழாயடிக்குக்கூட வருவதில்லை. அவர்களுடைய தலைவன், தான் இருப்பதையே மறைத்து, தங்கச்சி பேரில் துப்பாக்கி வாங்கப் பார்த்திருக்கிறான். துப்பாக்கி வந்து சேர்ந்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும்? ஒரு சிவப்புப் பட்டை போதாதென்று இரண்டு ஒட்டிக் கோப்பை மேலே அனுப்பினார்.

உத்தரவு பத்தே நாளில் வந்தது. அந்தக் கச்சேரி சரித்திரத்திலேயே பத்து நாளில் வந்த உத்தரவு அது ஒன்றுதான். இரகசிய உத்தரவு என்பதால் சாட்சிகள் முன்னால் படிக்கவேண்டும் என்று கிருஷ்ணப்பா அதைக் குழாயடியில் நின்று படித்தார். மிஸ் பிரிஜெட்டின் மனு நிராகரிக்கப்படுகிறது. சுபேதார் சவரிமுத்து இருக்கிறார் என்று தீர்மானிக்கப்படுகிறது. மேற்படியாரும் மற்றப் பத்துப் பேரும் பொது அமைதிக்கு ஆபத்தானவர்கள் ஆகையால், சந்தில் ஆயுதம் தாங்கிய இரண்டு போலீஸார் இரவும் பகலும் காவல் நிற்கவேண்டியது.

ஒரு பொம்பளைக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கி கொடுக்க யோசித்த சர்க்கார், பிறக்காத பதினோரு பேருக்குப் பயந்து இரண்டு ரைஃபிளைக் கொண்டுவந்து நிறுத்தியது. என்னத்தைச் சொல்ல. அதற்கப்புறம் சைக்கிள்காரன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பெண்கள் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிரிஜெட் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள். பகல் காவல் கிருஷ்ணப்பாவுக்கு. மாலையில் டீ குடித்துவிட்டு, 'பதினோரு பேரும் வீட்டில் உள்ளனர். நடமாட்டம் இல்லை' என்று எழுதிக்கொள்வார்.

ஒரு நாள் டீ கொடுக்கும்போது பிரிஜெட் மெதுவாகக் கேட்டாள். "கிருஷ்ணப்பா, உங்களுக்குமா தெரியாது?"

"அம்மா, எழுபத்திரண்டு தரம் பார்த்திருக்கேன்," என்றார் கிருஷ்ணப்பா. "இல்லைன்னு சொன்னா என் வேலை போயிடும். உங்க காவலும் போயிடும். அவர் இருக்கார். நல்லா இருக்கார்."

திருடர்களுக்கும் வயிறு இருக்கிறது. இந்தச் சந்து ஆகாது என்று ஆனதும் அடுத்த சந்துக்குப் போனார்கள். அங்கே ஜானகி என்று இளம்வயது நர்ஸ் ஒருத்தி, பிரிஜெட்டின் ஆஸ்பத்திரிதான், தனியாகக் குடியிருந்தாள். ஒரே மாதத்தில் இரண்டு தரம் அவள் வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். அவளும் அப்பாதுரை கடைக்குப் போனாள், இருபத்திரண்டு கலத்தையும் உண்மையாக நிரப்பினாள், கச்சேரிக்குப் போனாள். கச்சேரியில் பழைய ரெகார்டைப் புரட்டிப் பார்த்துப் பதில் எழுதிவிட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பதிலோடு பிரிஜெட் வாசலுக்கு வந்து நின்றாள். எதிர்த் திண்டில் மௌரீன் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரைஃபிளைச் சாய்த்துவைத்துவிட்டு கிருஷ்ணப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு எழுதிட்டாங்க. கூப்பிடு தூரத்துல பதினோரு மிலிட்டரி ஆம்பளைங்க இருக்காங்களாம், அவசரம்னா அவங்களைக் கூப்பிடச் சொல்றாங்க. உங்க அண்ணனை ஒரே ஒரு தரம் எங்க சந்துல நடந்துட்டு வரச் சொல்றீங்களா? அது போதும்."

பிரிஜெட் வாசலில் இருந்த பூட்ஸைப் பார்த்தாள். "அவர் வெளியே வரக்கூடாதும்மா. சர்க்கார் உத்தரவு."

ஜானகி கிருஷ்ணப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் ஒரு நடை வந்து பார்க்கலாமே ஐயா."

"நாங்க ஜனங்களைக் காப்பாத்த வந்தவங்க இல்லம்மா. இங்க இருக்கிற பதினோரு பேரைக் கண்காணிக்க வந்தவங்க. உங்க சந்துல அப்படி யாராச்சும் இருந்தா சொல்லுங்க, எழுதிப் போடறேன்."

ஜானகி மௌரீனிடம் போனாள். மௌரீன் வீட்டுப் பின்பக்கம் பூட்டிக் கிடப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஆன்ட்டி, அந்தப் போர்ஷனை எனக்கு வாடகைக்குக் கொடுங்களேன். நாளைக்கே வந்துடறேன்."

மௌரீன் பின்னுவதை நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"போர்ஷன் இருக்கு மை டியர். ஆனா கல்யாணமாகாத பொண்ணு, நீ தனியா வேற வர்றே. இது பதினோரு ஆம்பளைங்க இருக்கிற சந்து. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ஜானகி பிரிஜெட்டைப் பார்த்தாள். ஒரு வார்த்தை. பிரிஜெட் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரிஜெட் திண்டில் சாய்ந்திருந்த ரைஃபிளைப் பார்த்தாள், கிருஷ்ணப்பா மடியில் இருந்த நோட்டைப் பார்த்தாள், தன் வீட்டின் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"மௌரீன் சொல்றது சரிதாம்மா," என்றாள். "தனியா இருக்கிற பொண்ணுக்கு இந்த இடம் பாதுகாப்பு இல்லை."

ஜானகி கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இருட்டிவிட்டதே என்று கிருஷ்ணப்பா ரைஃபிளை எடுத்துக்கொண்டு சந்து முனைவரை அவளுக்குத் துணைக்குப் போனார். அதற்கு மேல் அவர் எல்லை இல்லை.